தூக்குக்குண்டு சொன்ன சேதி

கயத்தாறு என்றதும் எல்லோருக்கும் கட்டபொம்மன் ஞாபகம்தான் வரும். 1799 அக்டோபர் 16-ல் அந்த மாவீரனைத் தூக்கிலிட்ட மண் எங்கள் ஊர். அதற்கு மூன்றே வருஷத்தில், 1802-ல், கும்பினிக்காரர்கள் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் சங்கிலி போட்டு நாட்டையே அளக்க ஆரம்பித்தார்கள். ஆட்சியை இறுக்கத்தான் அந்த அளவை. ஆனாலும் மலைகள் மிதக்கின்றன என்ற பெரிய உண்மைக்கு அதுவே வழி திறந்தது. அந்த வேலையை முடித்த ஜார்ஜ் எவரெஸ்டை சிகரத்தின் பெயராக உலகமே அறியும். சர்வேயராக அறிய வேண்டியவர்கள் டிப்ளமோ படிக்கும் நாம்தான்.

1790-ல் பிறந்த எவரெஸ்ட் 16 வயதில் இந்தியா வந்தார். 1818-ல் வில்லியம் லாம்டனுக்கு உதவியாளரானார். 1823-ல் லாம்டன் இறந்ததும் பொறுப்பு முழுவதும் இவர் தலையில் விழுந்தது. காய்ச்சலால் உடம்பு நொந்து 1825-ல் இங்கிலாந்து போனவர், 1830-ல் புதுக் கருவிகளோடு சர்வேயர் ஜெனரலாகத் திரும்பினார். ஆற்காட்டுக்காரரான சையத் மீர் மொசின் உசேன் கருவிகளைப் பழுது பார்த்தார். வங்காளத்து ராதாநாத் சிக்தார் கணக்குப் போட்டார். குமரி முனைப் பக்கமிருந்து இமயமலை அடிவாரம் வரை, 78 டிகிரி தீர்க்கரேகையை ஒட்டி, முக்கோணம் முக்கோணமாக அளந்த வேலை 1841-ல் முடிந்தது. அந்த ரேகை கயத்தாறுக்குக் கிழக்கே ஏறக்குறைய 25 கிலோமீட்டரில் போகிறது!

வடக்கே கல்யாண்பூர், கல்யாணா என்ற இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே ஒரு சிக்கல் வந்தது. முக்கோண அளவையில் வந்த அட்சரேகை வித்தியாசமும், நட்சத்திரம் பார்த்து வந்த வித்தியாசமும் ஒத்துப்போகவில்லை. 5.236 விநாடி இடித்தது. தரையில் அது சுமார் 160 மீட்டர். எவரெஸ்ட் அதை அளவைப் பிழை என்று கருதி, நாம் குளோசிங் எரரைப் பங்கிடுவது போலவே பங்கிட்டுவிட்டார். ஆனால் இரண்டு கணக்கையும் மறைக்காமல் 1847-ல் அச்சிட்டார்.

கல்கத்தாவில் இருந்த பாதிரியார் ஜான் பிராட் அதைப் பிடித்துக்கொண்டார். தூக்குக்குண்டை இமயமலை தன் பக்கம் இழுத்திருக்கும் என்று கணக்குப் பார்த்தால் 15.885 விநாடி வந்தது. கிடைத்ததோ மூன்றில் ஒரு பங்கு! அத்தனை பெரிய மலைக்கு இழுவை எங்கே போனது?

1855-ல் ஜார்ஜ் ஏரி விடை சொன்னார். நம் தூத்துக்குடித் தோணியை நினைத்துப் பாருங்கள். சரக்கு ஏற ஏற அடிப்பாகம் தண்ணீருக்குள் ஆழமாக இறங்கும். அதுபோல உயர்ந்த மலைக்குக் கீழே, கனமான பாறைக்குள் இறங்கிய இலேசான வேர் உண்டு. மேலே உள்ள பாரத்தின் இழுவையை அடியில் உள்ள இலேசு பெரும்பாலும் ஈடுகட்டிவிடுகிறது. சரக்கு இறக்கிய தோணி மேலெழும்புவது போல, மழையும் ஆறும் அரித்த மலையும் மெல்ல எழும்புகிறது. அரித்த மண் கங்கை வழியே வங்கக் கடலில் படிகிறது. அந்தக் கடல்தரை சுமத்ரா, அந்தமான் பக்கம் பூமிக்குள் புகுந்து போகிறது. 2004 சுனாமி கிளம்பியதும் அங்கேதான்.

1865-ல் சிகரத்துக்கு அவர் பெயர் சூட்டினார்கள். மறு வருஷமே, 1866 டிசம்பர் 1-ல், எவரெஸ்ட் காலமானார்.

நண்பர்களே, கணக்கில் பிழையைப் பங்கிடுங்கள், அது முறைதான். ஆனால் ஃபீல்டு புக்கில் எடுத்த ரீடிங்கை மட்டும் அழிக்காதீர்கள். அன்று அந்த 5 விநாடியை அழித்திருந்தால், பிராட்டுக்குக் கேள்வியே கிடைத்திருக்காது!