எல்லீசர் தமிழ் கற்ற நெறி

கடல் கடந்து வந்து, ஆட்சிக் கருவியாகக் கற்கத் தொடங்கிய மொழியை வாழ்நாள் தவமாக மாற்றிக்கொண்டவர் பிரான்சிஸ் வைட் எல்லிஸ். தமிழுலகம் அவரை எல்லீசர் என்று போற்றுகிறது.

1777-இல் பிறந்த அவர், 1796-இல் கிழக்கிந்தியக் கம்பெனி எழுத்தராகச் சென்னை வந்தார். 1810-இல் சென்னைக் கலெக்டரானார். துபாஷிகளின் வாய்மொழியையே நம்பி ஆள்வோருக்குக் குடிகளின் உள்ளம் விளங்காது என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஆகவே இளம் அலுவலர்க்கு மொழி பயிற்ற, அவர் வகுத்த திட்டப்படி 1812-இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தோன்றியது. அங்கே நாட்டுப் புலவர்களே ஆசிரியர்கள். இலக்கணமும் சுவடிகளும் அன்றாட வழக்கும் ஒருங்கே பயிலப்பட்டன.

அவரது நெறியின் உயிர் ஒப்பீடு. பட்டாபிராம சாஸ்திரி, சங்கரய்யா போன்ற அறிஞர்களின் துணையோடு தமிழ், தெலுங்கு, கன்னடச் சொற்களின் வேர்களை அருகருகே வைத்து ஆராய்ந்தார். அவை வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல, தமக்குள் உறவுடைய தனிக்குடும்பம் என்று 1816-இல் நிறுவினார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது அதற்கு நாற்பது ஆண்டுகள் கழித்தே. ஒரு மொழியின் வேர் பிடிபட்டால் அதன் உடன்பிறப்புகளும் எளிதில் வசமாகும் என்பதே இந்நெறியின் பயன்.

மொழியறிவு அவருக்கு மக்களை அறியும் வழியாகவும் அமைந்தது. பழையசீவரம் முதலிய பாலாற்றங்கரை ஊர்களைக் கொண்ட தொண்டை மண்டலத்தின் காணியாட்சி முறையைப் பழஞ்சாசனங்களைக் கொண்டு விளக்கினார். 1818-இல் சென்னையில் நீர்த்தட்டுப்பாடு நேர்ந்தபோது கிணறுகள் வெட்டுவித்தார். இராயப்பேட்டைக் கிணற்றுக் கல்வெட்டில் நீரின் சிறப்பைக் கூறும் குறளைப் பொறிக்கச் செய்தார்.

ஏலாசாரியர் அருளியதாகச் சமண மரபு போற்றும் திருக்குறளில் அவர் நெஞ்சம் தோய்ந்தது. அறத்துப்பாலின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து விரிவுரை வரைந்தார். குடை நிழலில் வள்ளுவர் துறவியாய் அமர்ந்திருக்கும் பொற்காசு அவர் காலத்தில் அச்சிடப்பட்டது என்பது ஐராவதம் மகாதேவன் முதலிய ஆய்வாளர் கருத்து.

நாற்பது வயது வரை கற்றலே கடன், நூல் வெளியிடுதல் பின்னரே என்பது அவர் மேற்கொண்டதாகக் கூறப்படும் உறுதி. ஆனால் 1819 மார்ச்சில், இராமநாதபுரத்தில், தவறுதலாக உட்கொண்ட நஞ்சு அவர் உயிரைப் பறித்தது. குறளுரை முற்றுப்பெறவில்லை, சேர்த்து வைத்த குறிப்புகளில் பெரும்பகுதி அழிந்தது. எஞ்சிய சிறு பகுதியே, புலவரின் காலடியில் மாணவராய் அமர்ந்து கற்ற ஓர் ஆட்சியாளரின் பெருமைக்குப் போதிய சான்றாக நிற்கிறது.