யானைகளின் மருத்துவர்

பாலக்காட்டிலிருந்து பரம்பிக்குளம் செல்வோர் ஒரு விந்தையைக் காண்பர். பரம்பிக்குளம் கேரளத்தைச் சேர்ந்த காடு. ஆயினும் அங்குச் செல்லும் சாலை தமிழ்நாட்டுக்குள் புகுந்து, சேத்துமடையில் மலையேறி, டாப்சிலிப்பைக் கடந்த பின்னரே மீண்டும் கேரளத்தை அடைகிறது. சோதனைச் சாவடிகளில் மனிதரும் ஊர்திகளும் நின்று செல்ல வேண்டும். யானைகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனைமலையில் மேய்ந்த கூட்டம் அடுத்த நாள் பரம்பிக்குளத்தில் நீர் அருந்தலாம். தென்கிழக்கே நடந்து இடுக்கி மாவட்டத்துச் சின்னாற்றுக் காட்டையும் எட்டலாம்.

எல்லை அறியாத இந்த யானைகளுக்காக வாழ்ந்தவர் மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தி. வனத்துறையினரும் ஆய்வாளர்களும் அவரை டாக்டர் கே என்று அன்புடன் அழைத்தனர்.

அவர் 1929-ஆம் ஆண்டு பிறந்தார். சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் பயின்றார். 1903-இல் தொடங்கப்பெற்ற பழம்பெருங் கல்லூரி அது. கேரளத்தில் மண்ணுத்திக் கல்லூரி 1955-இல்தான் தோன்றியது. கால்நடை மருத்துவம் கற்றவர்கள் பெரும்பாலும் ஊர்ப்புற மருந்தகங்களில் ஆடு, மாடு, கோழிகளுக்கு மருத்துவம் பார்த்தனர். அத்தொழிலை மேற்கொண்டவரை மாட்டு வைத்தியர் என்று சற்றே இளக்காரமாகக் குறிப்பிடும் வழக்கம் இன்றும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. நோயாளி தனக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லமாட்டாத மருத்துவம் எவ்வளவு அரியது என்பதை அவ்வாறு பேசுவோர் எண்ணிப் பார்ப்பதில்லை.

கிருஷ்ணமூர்த்தி வனத்துறையின் கால்நடை மருத்துவராகி ஆனைமலைக்கு வந்தார். அக்காலத்தில் தேக்கும் பிற மரங்களும் இங்கு வெட்டப்பட்டு வந்தன. மலையுச்சியிலிருந்து மரங்களை அடிவாரத்துக்குச் சறுக்கிவிட்ட இடமே டாப்சிலிப் என்று பெயர் பெற்றது. வெட்டிய மரங்களைக் காட்டிலிருந்து இழுத்து வரும் வேலையை முகாம் யானைகள் செய்தன. அவற்றைப் பேணியவர்கள் மலசர் முதலிய பழங்குடிப் பாகர்கள். இழுவைச் சங்கிலி உராய்ந்து புண், பாதத்தில் வெடிப்பு, நகத்தடியில் சீழ், வயிற்றில் புழு, களிற்றுக்கு மதம் என்று முகாமில் மருத்துவருக்கு ஓயாத வேலை இருந்தது.

யானையின் காய்ச்சலை அறிவது எப்படி? புதிதாக விழுந்த இலத்தி உருண்டைக்குள் வெப்பமானியைச் செருகிப் பார்ப்பது ஒரு முறை. காதின் பின்புறத்து நரம்பிலிருந்து குருதி எடுப்பர். மாத்திரைகளைக் கேழ்வரகுக் கவளத்தில் பொதிந்து வெல்லம் சேர்த்து ஊட்டுவர். கசப்பை உணர்ந்துவிட்டால் கவளம் அப்படியே வெளியே வந்து விழும். தோல் தடித்திருப்பதால் உள்ளே தேங்கிய சீழ் எளிதில் வெளிவராது. மேற்புறம் முதலில் ஆறி மூடிக்கொண்டால் உட்புறம் அழுகிவிடும். ஆகவே புண்வாயை மூடவிடாமல் நாள்தோறும் கழுவி, உள்ளிருந்தே ஆறச் செய்ய வேண்டும். நான்காயிரம் கிலோ எடையுள்ள ஒரு விலங்கு, வலிக்கும் காலைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் பல வாரங்கள் பொறுமையுடன் நிற்க வேண்டும். பாகனிடத்தும் மருத்துவரிடத்தும் நம்பிக்கை இல்லாத யானை அவ்வாறு நிற்காது.

முகாமில் குட்டிகளும் பிறந்தன. வேலை முடிந்ததும் யானைகளைக் காட்டில் மேயவிடுவது வழக்கம். அங்கே பிடிகள் காட்டுக் களிறுகளோடு கூடின. ஏறத்தாழ 22 மாதங்கள் கருச்சுமந்து, நூறு கிலோ எடையளவில் குட்டி ஈனும் தாயைப் பேணுவதும் கிருஷ்ணமூர்த்தியின் பணியாயிற்று.

அவர் பெயரை நிலைநிறுத்திய பணியோ இறந்த யானைகளைப் பற்றியது. காட்டில் யானை ஒன்று மாண்டு கிடந்தால், அதன் உடலை எரித்தோ புதைத்தோ விடுவது எளிது. மூப்பினால் இறந்தது, நோயால் இறந்தது என்று எழுதிவிட்டால் எவரும் கேள்வி கேட்கப் போவதில்லை. கிருஷ்ணமூர்த்தி அதற்கு இசையவில்லை. இறந்த ஒவ்வொரு யானையையும் அறுத்துப் பார்த்துக் காரணம் காண வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். எண்ணற்ற காட்டு யானைகளின் உடற்கூறாய்வைத் தாமே செய்தார்.

அந்தப் பணியை எழுத்தில் படிப்பது எளிது. யானை இறந்த செய்தி பெரும்பாலும் சில நாள்கள் கழித்தே எட்டும். அதற்குள் உடல் உப்பியிருக்கும், புழுக்கள் நெளியும், நாற்றம் நெடுந்தொலைவு வீசும். முதலில் ஒரு துளிக் குருதியை நுண்ணோக்கியில் ஆராய வேண்டும். அடைப்பான் எனப்படும் ஆந்த்ராக்ஸ் நோயாக இருந்தால் உடலைத் திறக்கவே கூடாது. திறந்தால் நோய்க்கிருமி மண்ணில் பரவி நெடுங்காலம் தங்கிவிடும். அந்த ஐயம் நீங்கிய பின்னரே கோடரியும் வெட்டரிவாளும் எடுத்து வேலையைத் தொடங்குவர். தடித்த தோலை உரித்து, விலா எலும்புகளை விலக்கி, குடல், இதயம், நுரையீரல் என ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்ப்பர். சில வேளை, தசையின் ஆழத்தில் சிறு ஈயக்குண்டு ஒன்று விரலில் தட்டுப்படும்.

அந்தக் குண்டே சாட்சி. நோயால் இறந்ததாகக் கருதப்பட்ட களிறு தந்தத்துக்காகச் சுடப்பட்டது என்பதை அது காட்டிக் கொடுக்கும். 1970களிலும் 1980களிலும் தென்னிந்தியக் காடுகளில் தந்த வேட்டை கொடுமையாக நடந்தது. தந்தம் களிறுகளுக்கே உரியது. ஆகையால் களிறுகளே மடிந்தன. இடுக்கி மாவட்டத்துப் பெரியாற்றுக் காட்டில் 1980களின் இறுதியில், வளர்ந்த களிறு ஒன்றுக்கு வளர்ந்த பிடிகள் நூற்றுக்கும் மேல் என்ற அவல நிலை ஏற்பட்டது. எந்த யானை எதனால் இறந்தது என்ற கணக்கு இல்லாமல் வேட்டையைத் தடுக்க இயலாது.

உயிருள்ள யானைகளின் கணக்கும் அவருக்கு முக்கியமாக இருந்தது. முகாம் யானை ஒவ்வொன்றுக்கும் பதிவேடு உண்டு. பிடிபட்ட நாள் அல்லது பிறந்த நாள், உயரம், நோய், ஈன்ற குட்டி, இறப்பு யாவும் அதில் எழுதப்படும். பிறர் பழைய காகிதம் என்று ஒதுக்கியிருக்கக்கூடிய அவ்வேடுகளைக் கொண்டு, ஆய்வாளர் இராமன் சுகுமார், அமெரிக்கரான கிறிஸ் வெம்மர் ஆகியோருடன் இணைந்து கிருஷ்ணமூர்த்தி ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். யானையின் வளர்ச்சி பற்றிய கட்டுரை 1988-இலும், மரம் இழுக்கும் யானைகளின் மருத்துவம் பற்றியது 1995-இலும், ஒரு நூற்றாண்டுக் காலப் பிறப்பு இறப்புகளை ஆராய்ந்தது 1997-இலும் வெளிவந்தன. காட்டில் மேயவிட்டுப் பேணப்படும் முகாம் யானைகள் காட்டு யானைகளுக்கு இணையாகக் குட்டி ஈனும் என்பதை அந்தக் கடைசி ஆய்வு காட்டியது. கோயில் மண்டபத்தில் தனியே கட்டப்பட்டு நிற்கும் பிடிக்கு அந்த வாய்ப்பு இல்லை.

கிருஷ்ணமூர்த்தி 2002-ஆம் ஆண்டு மறைந்தார். அடுத்த ஆண்டில், தமிழகக் கோயில் யானைகளை முதுமலைக்கு அழைத்துச் சென்று ஓய்வும் மருத்துவமும் அளிக்கும் முகாம் தொடங்கப்பெற்றது. பின்னர் எழுத்தாளர் ஜெயமோகன் அவரை மையமாகக் கொண்டு யானை டாக்டர் என்னும் கதையை எழுதினார்.

இன்று ஆனைமலையில் யானை இறந்தாலும், எல்லைக்கு அப்பால் பரம்பிக்குளத்தில் இறந்தாலும், செய்தி கிடைத்ததும் கால்நடை மருத்துவர் ஒருவர் தம் கருவிகளுடன் காட்டுக்குள் புறப்படுகிறார். அவர் பார்த்து எழுதும் வரையில் அந்த உடலைப் புதைப்பதில்லை.