மனந்தளரா உமறுப் புலவர்

பழவேற்காடு ஏரியின் முகத்துவாரம் மணலால் தூர்ந்து மீன்பாடு குறையும் நாளிலும், சுண்ணாம்புக்குளம் போன்ற கரையூர் உழைப்பாளர் வலையை வெறுத்தெறிவதில்லை, அமர்ந்து செப்பனிடுகின்றனர். கடையிலோ அலுவலகத்திலோ ஒரு கடுஞ்சொல் கேட்டதும் தாங்கள் மனங்கசந்து போவதுண்டோ? அவ்வேளையில் உமறுப் புலவரின் வாழ்வை எண்ணிப் பாருங்கள்.

1642-இல் பிறந்த அவர், கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் பயின்று எட்டயபுரம் அரசவைப் புலவராய் விளங்கினார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைக் காப்பியமாகப் பாடுமாறு வள்ளல் சீதக்காதி வேண்டினார். அதற்குரிய அரபுச் செய்திகளை அறிய, கீழக்கரை சதக்கத்துல்லா அப்பா (ரஹ்) அவர்களைப் புலவர் நாடினார். அவரது உடைக்கோலம் கண்டு அப்பா அவர்கள் முதலில் மறுத்துவிட்டார்கள் என்பது வழிவழி வரும் செய்தி.

அவைப் புகழ் பெற்றவருக்கு அது எத்துணைப் பெரிய ஏமாற்றம்! மனம் நொந்தார், ஆயினும் இறைவனிடமே முறையிட்டார், பணியைக் கைவிடவில்லை. பின்னர் அப்பா அவர்களின் இசைவு கிட்டியது. பரங்கிப்பேட்டையில் லெப்பை அலி ஹாஜியார் வேண்டிய செய்திகளை விளக்கியருளினார்.

நூல் நடந்துகொண்டிருக்கையில் சீதக்காதி மறைந்தார். மீண்டும் ஓர் இடி! அபுல் காசிம் மரைக்காயர் ஆதரவளிக்க, புலவர் தொடர்ந்து பாடினார். 5027 பாடல்கள் கொண்ட சீறாப்புராணம் உருவாயிற்று. 1703-இல் புலவர் மறைந்தார். நூல் அச்சேறியதோ 1842-இல்தான்.

பாராட்டு தாமதமாகலாம், ஆதரவு இடையில் அறுபடலாம். கைப்பணி மட்டும் தங்கள் பொறுப்பு. நாளை காலை மலர்ந்த முகத்துடன், பிஸ்மில்லாஹ் கூறி அதனைத் தொடங்குங்கள். கூலியை நிறைவாக அளிப்பவன் அல்லாஹ்வே!