ஜகதீச சந்திர வஸுவும் தாவரங்களும்

கள்ளக்குறிச்சி ஜில்லாவில் கல்வராயன் மலையேறிக் கரியாலூர் செல்லும் நேயர்கள் வழியோரத்தில் தொட்டாற்சுருங்கியைக் கண்டிருக்கலாம். கடுக்காய் மரங்களை அண்ணாந்தும் பார்த்திருக்கலாம். விரல் பட்டதை இலை எவ்வாறு அறிகிறது? வேர் உறிஞ்சிய நீர் உச்சிக் கிளைக்கு எந்த யந்திரத்தால் ஏறுகிறது? இவ்விரு வினாக்களுக்கும் தமது ஆயுளின் பிற்பாதியை அர்ப்பணம் செய்தவர் ஸர் ஜகதீச சந்திர வஸு ஆவார்.

அவர் 1858-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி வங்காளத்தில் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திரர் சர்க்கார் உத்தியோகஸ்தராயிருந்தும், மகனை முதலில் ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பாமல், ஏவலாளர் மகனும் செம்படவர் மகனும் உடனிருந்து படித்த வங்காளிப் பள்ளிக்கே அனுப்பினார். ஆங்கிலப் படிப்பையே மூலதனமாகக் கொண்டு வக்கீல் தொழில் நடத்தும் நம் போன்றோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்றுத் திரும்பி, 1885-ல் கல்கத்தா பிரஸிடென்ஸி கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்தார். ஐரோப்பியருக்கு அளித்ததினும் குறைந்த சம்பளம் தருவதாகச் சொல்லப்படவே, சம்பளத்தைத் தொடவே மறுத்து மூன்று வருஷம் வேலை மட்டும் செய்தார். முடிவில் சர்க்கார் பணிந்து, முழுச் சம்பளத்தையும் ஆதிமுதல் கணக்கிட்டுக் கொடுத்தது. கோர்ட்டுக்குப் போகாமலே ஜயித்த வழக்கு இது!

மின் அலைகளைப் பற்றிய ஆராய்ச்சியால் முதலில் புகழ் பெற்றவர், பிறகு தாவரங்களிடம் திரும்பினார். தொட்டாற்சுருங்கியின் இலைக்காம்பு தண்டோடு சேருமிடத்தில் சிறு புடைப்பு ஒன்றுண்டு. தீண்டியவுடன் அதன் அடிப்புறத்து அணுவறைகளிலிருந்து நீர் வெளியேறுகிறது. விறைப்பு நீங்கிக் காம்பு சாய்கிறது. தீண்டிய செய்தி அங்கே மின்சாரத் துடிப்பாகவும் செல்கிறது என்பதை வஸு தாமே வகுத்த கருவிகளால் காட்டினார். செடியின் வளர்ச்சியைப் பதினாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் என்னும் கருவி அவருடையதே. பரீத்பூரில் ஒரு பேரீச்சமரம் மாலைதோறும் தலை தாழ்த்தி, காலையில் நிமிர்வதைக் கண்டு ஜனங்கள் வணங்கி வந்தார்கள். வஸு அதில் கருவியைப் பொருத்திப் பார்த்து, வெப்பத்தின் ஏற்ற இறக்கமே அதற்குக் காரணம் என்று நிரூபித்தார்.

1901-ல் லண்டன் ராயல் சங்கத்தில் அவர் தமது முடிவுகளைக் கூறியபோது, பௌதிக சாஸ்திரி தாவர சாஸ்திரத்தில் தலையிடலாகாது என்ற தோரணையில் எதிர்ப்பு எழுந்தது. அதே சங்கம் 1920-ல் அவரை அங்கத்தினராக ஏற்றது.

அபிமானத்தால் உண்மையை மறைப்பது நமக்கு உசிதமன்று. தண்டினுள் இருக்கும் உயிரணுக்கள் துடித்துத் துடித்து நீரை மேலேற்றுகின்றன என்ற அவருடைய கொள்கை நிலைக்கவில்லை. இலைகளின் நுண்துளைகள் வழியாக நீர் ஆவியாகிறது; அந்த இழுப்பினால், மரக்கட்டையின் மெல்லிய குழாய்களில் ஒன்றோடொன்று பற்றி நிற்கும் நீர்த்துளிகள் சங்கிலிபோல் மேலேறுகின்றன என்பதே இன்று சாஸ்திரிகள் ஒப்பும் விளக்கம். ஆனால் செடிக்குள் மின்சாரச் செய்தி ஓடுகிறது என்ற விஷயத்தில் தீர்ப்பு அவர் பக்கமே.

தாம் கண்டுபிடித்தவற்றைக் கொண்டு பொருளீட்ட அவர் பொதுவாக விரும்பியதில்லை. 1917-ல் தமது பிறந்த நாளன்று கல்கத்தாவில் ஆராய்ச்சி ஸ்தாபனம் ஒன்றைத் தேசத்துக்கு அர்ப்பணம் செய்தார். 1937 நவம்பர் 23-ந் தேதி கிரிடியில் காலமானார். எழுபத்தொன்பது வயது நிறைய ஒரு வாரமே இருந்தது. ஸ்தாபனம் இன்றும் நடந்துவருகிறது.