யார் இந்த கரிவரதன்? கார் பந்தயத்தின் விதியை மாற்றிய கோவைக்காரர்

கார் பந்தயம் சலிப்புத் தட்டுகிறது என்ற பேச்சு எழும்போதெல்லாம், விதியை மாற்றினால் சரியாகிவிடும் என்ற யோசனையும் கூடவே வரும். ஃபார்முலா 1 பந்தயத்தில் முந்துவதை எளிதாக்க, பின் இறக்கையைத் திறந்து மூடும் டிஆர்எஸ் வசதி 2011-ல் வந்தது. அதிகம் செலவழிக்கும் அணியே ஜெயித்துக்கொண்டிருக்கக் கூடாது என்று 2021-ல் அணிகளின் செலவுக்கு உச்சவரம்பு வந்தது. ஆனால், காசு இருப்பவன் ஜெயிப்பதா, நன்றாக ஓட்டுபவன் ஜெயிப்பதா என்ற கேள்விக்கு 1988-லேயே தமிழ்நாட்டில் ஒருவர் பதில் சொல்லியிருந்தார். அவர் எஸ்.கரிவரதன்.

பஞ்சாலைக் குடும்பத்துப் பிள்ளை

கரிவரதன் 1954-ல் பிறந்தவர். கோவையின் லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவர். பம்பு செட், ஃபவுண்டரி, லேத் பட்டறை என்று இரும்போடு பழகிய ஊர் கோவை. ஒரு பொருள் வெளிநாட்டில் இருந்து வரவில்லையா, இங்கேயே செய்து பார்த்துவிடலாம் என்பது அந்த ஊரின் குணம். கரிவரதனுக்கும் அந்தக் குணம் இருந்தது. கார் ஓட்டும் ஆசை மட்டுமல்ல, காரைப் பிரித்துப் போட்டு வேகம் கூட்டிப் பார்க்கும் ஆசையும் அவருக்கு உண்டு. பந்தய ஓட்டுநராகவும் கார் வடிவமைப்பாளராகவும் ஒரே நேரத்தில் பெயர் வாங்கினார்.

சோழவரம் காலம்

அன்றைக்குத் தென்னிந்தியாவில் கார் பந்தயம் என்றால் சென்னைக்கு வடக்கே இருக்கும் சோழவரம்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே நடத்திய பந்தயங்களுக்குக் கூட்டம் அலைமோதும்.

உள்நாட்டில் கிடைத்த கார்கள் சிலவே: அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. அவற்றைத்தான் பட்டறையில் மாற்றியமைத்துப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தார்கள். இன்னொரு பக்கம், வசதி படைத்த சிலர் வெளிநாட்டுப் பந்தயக் கார்களையே தருவித்தார்கள். தொழிலதிபர் விஜய் மல்லையா, என்சைன் என்ற ஃபார்முலா 1 காரையே சோழவரத்தில் ஓட்டினார்.

பார்க்கிறவர்களுக்கு அது பெரிய வேடிக்கைதான். ஆனால் ஓடுதளத்தின் நீண்ட நேர்பாதையில் பெரிய இன்ஜின் வைத்திருப்பவரை, சின்ன இன்ஜின் வைத்திருப்பவர் எப்படித்தான் துரத்துவது? கொடி அசைக்கும்போதே முடிவு பாதி தெரிந்துவிடும். இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடும் வரியும் இருந்த காலம் என்பதால், திறமை இருந்தும் கார் இல்லாதவர்கள் வேலிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டியதுதான்.

ஃபார்முலா என்றால் என்ன?

பந்தய உலகில் ஃபார்முலா என்றால் வேறொன்றுமில்லை, விதித் தொகுப்புதான். இன்ஜின் எவ்வளவு பெரியது, எடை எவ்வளவு, டயர் எது என்பதையெல்லாம் அந்த விதிதான் சொல்லும். அந்த விதிக்குள் அடங்கும் கார்கள்தான் ஒன்றோடொன்று போட்டி போட முடியும்.

சாதாரணக் காரின் இன்ஜினை வைத்து மலிவான பந்தயக் கார் செய்யும் வழி வெளிநாடுகளில் ஏற்கெனவே இருந்தது. ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் பாகங்களை வைத்து அமெரிக்காவில் ஃபார்முலா வீ உருவானது. பிரிட்டனில் 1967-ல் ஃபார்முலா ஃபோர்டு தொடங்கியது. இந்தியாவுக்கு அப்படியொரு இன்ஜின் வேண்டுமே? 1983 இறுதியில் சாலைக்கு வந்த மாருதி 800 அந்தக் குறையைத் தீர்த்தது.

40 குதிரைத்திறனில் ஒரு பந்தயக் கார்

1988-ல் கரிவரதன், மாருதி 800-ன் 796 சிசி இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றை வடிவமைத்தார். மூன்று சிலிண்டர் கொண்ட அந்த இன்ஜினின் சக்தி, வீட்டுக் காரில் சுமார் 40 குதிரைத்திறன்தான். ஆனால் இரும்புக் குழாய்ச் சட்டம், ஃபைபர் உடல் என்று காரின் எடை குறையும்போது அந்தச் சக்தியே போதும். ஃபார்முலா மாருதி என்று அந்தப் பிரிவுக்குப் பெயர் வந்தது.

இதில் இரண்டு லாபம். ஒன்று, எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே கார். அப்புறம் வளைவில் யார் தாமதமாக பிரேக் பிடிக்கிறார், யார் சரியான பாதையில் திரும்புகிறார் என்பதில்தான் வெற்றி. முந்துவதும் முந்தப்படுவதும் சுற்றுக்குச் சுற்று நடக்கும்.

இரண்டாவது, செலவு. இன்ஜின் பழுதானால் கடல் கடந்து பாகம் வரக் காத்திருக்க வேண்டாம். வாணியம்பாடி, ஆம்பூர், மாதனூர் என்று பெங்களூரு நெடுஞ்சாலை ஓரத்து ஊர்களின் மெக்கானிக் ஷெட்டுகளுக்கும் பின்னாளில் அத்துப்படியான இன்ஜின் அது. மாதனூர் வழியாகச் சென்னை நோக்கிப் போகும் அதே நெடுஞ்சாலையில்தான், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் புதிய பந்தயத் தடம் வந்தது. 3.717 கிலோமீட்டர் நீளமுள்ள, வளைவுகள் நிறைந்த தடம். சின்ன இன்ஜின் கார்களுக்கு ஏற்ற களம்.

குறையும் இருந்தது. சோழவரத்து வெளிநாட்டுக் கார்களின் உறுமலும் வேகமும் இதில் கிடையாது. வேடிக்கை பார்க்க வருபவருக்கு அது ஏமாற்றம்தான். ஆனால் ஓட்ட வருபவருக்கு ஒரு கதவு திறந்தது.

கதவு வழியே போனவர்கள்

அந்தக் கதவு வழியாக நுழைந்தவர்களில் ஒருவர் நரேன் கார்த்திகேயன். அவரும் கோவைக்காரர். பதின்ம வயதில் ஃபார்முலா மாருதியில் முதல் பந்தயம் ஓட்டி, அதிலேயே முதல் மூன்று இடங்களுக்குள் வந்தார். 1994-ல் பிரிட்டனில் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரை வென்றார். சாதாரண கார் இன்ஜினில் இங்கே கற்ற பாடம், அதே முறை வேரூன்றிய நாட்டிலும் செல்லுபடியானது.

அடுத்த ஆண்டு, 1995-ல், கரிவரதன் விமான விபத்தில் இறந்தார். வயது 41. நரேன் 2005-ல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனதையோ, ஃபார்முலா மாருதி ஓட்டி வளர்ந்த சென்னையின் கருண் சந்தோக் 2010-ல் அதே இடத்துக்குப் போனதையோ அவர் பார்க்கவில்லை. 2003-ல் கோவை செட்டிபாளையத்தில் திறக்கப்பட்ட பந்தயத் தடத்துக்கு, கரி மோட்டார் ஸ்பீடுவே என்று அவர் பெயரே வைக்கப்பட்டது.

இன்றைக்கு என்ன பாடம்?

மாருதி ஸ்விஃப்ட் இன்ஜினில் ஓடும் ஃபார்முலா எல்ஜிபி முதல், 2024-ல் சென்னை தீவுத்திடலைச் சுற்றி இரவில் நடந்த ஃபார்முலா 4 பந்தயம் வரை, எல்லோருக்கும் ஒரே மாதிரி கார் என்ற முறைதான் தொடர்கிறது. ஆனாலும் டயர், பயிற்சி, பயணம், உரிமம் என்று செலவு கூடிக்கொண்டேதான் போகிறது. மாதனூரில் கார் ரிப்பேர் செய்யும் ஒரு பையன் பந்தயத் தடத்தில் ஏறுவது இன்னமும் சுலபமில்லை.

அதனால், பந்தயத்தை விறுவிறுப்பாக்க அடுத்த முறை புது விதி பேசும்போது, இறக்கை எப்படித் திறக்க வேண்டும் என்பதோடு இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது: இந்த விதியால் புதிதாக எத்தனை பேர் களத்துக்கு வர முடியும்? கரிவரதன் செய்த கார் அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொன்னது.