பிரசாந்த சந்திர மகாலனோபிசு

பிரசாந்த சந்திர மகாலனோபிசு (ஜூன் 29, 1893 - ஜூன் 28, 1972) ஓர் இந்தியப் புள்ளியியலாளர் ஆவார். ஒரு நாட்டின் விளைச்சலையும் மக்களின் வாழ்க்கைத் தரத்தையும் அறிய ஒவ்வொன்றையும் எண்ணத் தேவையில்லை, முறையாகத் தேர்ந்தெடுத்த சிறு பகுதியைக் கவனமாக அளந்தால் போதும் என்பதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் இவர். இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவரும் இவரே.

இளமையும் கல்வியும்

கொல்கத்தாவில் ஒரு பிரம்ம சமாஜக் குடும்பத்தில் பிறந்தார். பிரெசிடென்சி கல்லூரியில் 1912 இல் இயற்பியல் பட்டம் பெற்று, 1913 இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே கணித மேதை இராமானுஜன் இவருடைய நண்பரானார். கம்பளிகளுக்குள் புகுந்து படுக்க வேண்டும் என்று அறியாமல் குளிரில் வாடிய இராமானுஜனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் இவர் தான்.

1915 இல் விடுமுறைக்கு ஊர் திரும்பும் முன் பயோமெட்ரிக்கா என்ற ஆய்விதழின் தொகுதிகளை வாங்கிக் கப்பலில் படித்தார். புள்ளியியலில் இவருக்கு வேறு முறையான பயிற்சி கிடையாது. பின்னர் பிரெசிடென்சி கல்லூரியிலேயே இயற்பியல் ஆசிரியரானார். அங்கே அவர் அமைத்திருந்த புள்ளியியல் ஆய்வுக்கூடத்திலிருந்து 1931 டிசம்பரில் இந்தியப் புள்ளியியல் கழகம் உருவானது. 1936 இல் இவர் விரித்துரைத்த மகாலனோபிசு தொலைவு இன்று கணினியியலிலும் பரவலாகப் பயன்படுகிறது.

வெள்ள ஆய்வு

1926 இல் ஒரிசாவில் வெள்ளம் ஏற்பட்ட பின், பிராமணி ஆற்றின் படுகை மேடாகிவிட்டது, எனவே கரைகளை உயர்த்த வேண்டும் என்று பொறியாளர்கள் கருதினர். சுமார் அறுபது ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்த மகாலனோபிசு, படுகை உயரவில்லை என்று காட்டினார். ஆற்றின் மேற்பகுதியில் அணை கட்டுவதே தீர்வு என்பது அவர் கருத்து.

சணல் கணக்கெடுப்பு

சென்னை மாகாணத்தில் கர்ணம் எழுதிய அடங்கல் போன்ற பதிவு, நிரந்தர நிலவரித் திட்டம் நிலவிய வங்காளத்தில் இல்லை. ஆகவே சணல் பயிரிட்ட பரப்பு பெரும்பாலும் ஊகமாகவே இருந்தது. மகாலனோபிசு 1937 இல் சிறு முன்னோட்ட ஆய்வாகத் தொடங்கி, ஆண்டுதோறும் விரிவாக்கி, 1941 இல் மாகாணம் முழுவதற்கும் மாதிரிக் கணக்கெடுப்பு நடத்தினார்.

களப்பணியாளர் செய்யும் பிழையையும் அளந்தாக வேண்டும் என்பதில் இவர் உறுதியாக இருந்தார். அதற்காக மாதிரியை இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பகுதிகளாகப் பிரித்து, தனித்தனிக் குழுக்களிடம் கொடுத்தார். முடிவுகள் பெரிதும் வேறுபட்டால் பிழை வெளிப்பட்டுவிடும். எளிய உத்தி தான், ஆனால் முழுக் கணக்கெடுப்பு ஒன்றில் இத்தகைய சோதனையை அமைப்பது கடினம்.

வங்கப் பஞ்சம்

1943 பஞ்சத்தின் பின்விளைவுகளை அறியக் கழகம் மாதிரி ஆய்வு நடத்தியது. ஏறத்தாழ 2.6 இலட்சம் குடும்பங்கள் தம் நெல் வயல்களை முற்றாக இழந்திருந்தன என்று அது மதிப்பிட்டது. சாவு எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் இந்த இழப்பு பதிவாகியிருக்காது.

தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு

விடுதலைக்குப் பின், 1949 இல் அமைச்சரவையின் மதிப்புறு புள்ளியியல் ஆலோசகரானார். 1950 இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியது. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ஊர்களிலிருந்து முதல் சுற்றுக்கு 1,833 ஊர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன.

ஒரு குடும்பம் எவ்வளவு உண்கிறது என்று கேட்கும்போது கடந்த வாரத்தைக் கேட்பதா, கடந்த மாதத்தைக் கேட்பதா என்ற சிக்கல் எழுந்தது. இரு கேள்விகளுக்கும் விடைகள் வேறுபட்டன. மேற்கு வங்காளத்தில் சில வீடுகளில் உணவுப் பொருள்களை நேரிலேயே நிறுத்துப் பார்த்தனர். மாதக் கணக்கே உண்மைக்கு அருகில் இருந்ததால் 30 நாள் முறை நிலைத்தது. இந்தியாவின் வறுமை மதிப்பீடுகள் பல பத்தாண்டுகள் இந்த முறையைச் சார்ந்திருந்தன. 1999-2000 சுற்றில் 7 நாள் கேள்வியும் உடன் கேட்கப்பட்டபோது, வறுமை உண்மையில் எவ்வளவு குறைந்தது என்பது பெரும் சர்ச்சையானது.

திட்டமிடல்

இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் (1956-61) இவர் வகுத்த மாதிரியை அடிப்படையாகக் கொண்டது. கனரகத் தொழில்களுக்கு முதன்மை தந்த அத்திட்டம் வேளாண்மையைப் பின்தள்ளியது என்ற விமர்சனம் வலுவானது. புள்ளியியலாளராக இவர் பெற்ற ஒருமித்த மதிப்பு, திட்ட வகுப்பாளராகக் கிடைக்கவில்லை.

சிறப்புகள்

1945 இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1968 இல் பத்ம விபூசண் விருது பெற்றார். தம் 79 ஆம் பிறந்தநாளுக்கு முந்தைய நாள் கொல்கத்தாவில் காலமானார். 2007 முதல் ஜூன் 29 இந்தியாவில் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.