மறதியை மதித்த மருத்துவர்

மெஷின் ஒன்று திடீர்னு நின்றுபோனால் நாம் என்ன செய்வோம்? முதலில் லாக் புக்கைப் புரட்டுவோம். அப்புறம் பிரித்துப் பார்ப்போம். மனித மூளை விஷயத்தில் இதையே பொறுமையாகச் செய்த ஒருவரைப் பற்றி நம் மலரில் எழுத ஆசை. பெயர் எல்லோருக்கும் தெரியும். ஆளைத்தான் அதிகம் பேருக்குத் தெரியாது.

அலோய்ஸ் அல்சைமர் 1864-ல் ஜெர்மனியின் பவேரியா பகுதியில் மார்க்ட்பிரைட் என்ற சிற்றூரில் பிறந்தார். 1887-ல் டாக்டர் பட்டம். மறுவருடமே பிராங்க்ஃபர்ட் மனநோய் மருத்துவமனையில் வேலை. நோயாளிகளைக் கட்டிப்போடுவது சர்வசாதாரணமாக இருந்த காலம் அது. தலைமை மருத்துவர் சியோலியும் இவரும் அதைக் கூடியவரை தவிர்த்தார்கள்.

1901-ல் மனைவி செசிலி இறந்துபோனார். மூன்றும் சின்னஞ்சிறு குழந்தைகள். அதே வருடம் நவம்பரில்தான் 51 வயது அகுஸ்தே அங்கே சேர்க்கப்பட்டார். அல்சைமர் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டார். பெயர் கேட்டால் அகுஸ்தே. கணவர் பெயர் கேட்டாலும் அகுஸ்தே! காலிஃபிளவரும் கறியும் சாப்பிட்டுக்கொண்டே கீரை என்றார். பெயரை எழுதச் சொன்னால், திருமதி என்று எழுதியதும் மிச்சம் மறந்துவிடும். இது கிறுக்குப் பேச்சு என்று தள்ளிவிடாமல், கேள்வி பதில் எல்லாவற்றையும் அல்சைமர் குறித்து வைத்தார்.

1903-ல் அவர் மியூனிக் போய்விட்டார். ஆனாலும் அகுஸ்தேயை மறக்கவில்லை. 1906 ஏப்ரலில் அந்த அம்மாள் இறந்ததும் கேஸ் ஃபைலும் மூளையும் மியூனிக் வந்து சேர்ந்தன. வெள்ளிச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். நரம்பு செல்களுக்கு வெளியே திட்டுத்திட்டாகப் படிவு; உள்ளே சிக்கலான நூல்கண்டு போல இழைகள். கோளாறு குணத்தில் இல்லை, மூளையில்! அந்த நவம்பரில் டூபிங்கன் நகரக் கூட்டத்தில் இதை விளக்கினார். ஒருவர்கூடக் கேள்வி கேட்கவில்லை. 1910-ல் கிரேப்பலின் தம் பாடநூலில் நோய்க்கு இவர் பெயரையே வைத்தார்.

1915 டிசம்பரில் அல்சைமர் காலமானார். அப்போது அவருக்கும் வயது 51. தொலைந்ததாகக் கருதப்பட்ட அகுஸ்தேயின் ஃபைல் 1995-ல் பிராங்க்ஃபர்ட்டில் கிடைத்தது.

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021-ல் மறதி நோயுள்ளவர்கள் 5.7 கோடிப் பேர். அவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது அல்சைமர் நோய்தான். முழுதாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை.

நண்பர்களே, நம் செட்டில் பலருடைய அப்பா அம்மா அறுபதைத் தாண்டிவிட்டார்கள். சாப்பிட்டு முடித்த கையோடு மறுபடி சாதம் கேட்டால் அதட்டாதீங்க, வயசாயிடுச்சுன்னு விட்டும்விடாதீங்க. தைராய்டு கோளாறு, பி12 குறைவு போன்றவற்றால் வரும் மறதியைச் சரிப்படுத்த வழி உண்டு. எப்ப ஆரம்பிச்சது, எதெல்லாம் மறக்குது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு டாக்டரிடம் கூட்டிப் போங்க. அல்சைமர் செய்ததும் முதலில் அதைத்தானே!